ஃபேன்டசி கிரிக்கெட்டில் காசு கட்டுவது பாவமா? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.பி.எல். தொடங்கினால் இந்தக் கேள்விகளும் தொடங்கிவிடும். வாலிபர் கூட்டம் முடிந்து கேற்றடியில் நிற்கும்போது பொடியன்மார் கேட்பார்கள். தாய்மார் வட்ஸ்அப்பில் குரல்பதிவு போட்டுக் கேட்பார்கள். தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். இது எந்தச் சபையின் அறிக்கையும் அல்ல, வாலிபர் ஊழியத்தில் இருக்கும் ஒருவரின் பதில்கள். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசு கட்டி ஆடும் ஃபேன்டசி சூதுதான். கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவர் அதை விட்டுவிட வேண்டும்.

எனக்குக் கிரிக்கெட்டே சரியாகத் தெரியாது. மகன் "ரீம் போடுகிறேன்" என்கிறான். அது என்ன?

நடக்கப்போகும் ஒரு போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அணிகளிலும் இருந்து 11 பேரை உங்கள் மகன் தெரிவு செய்து தனக்கென்று ஓர் அணி அமைக்கிறான். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு விலை உண்டு. மொத்தம் 100 புள்ளிக்குள் அணி அடங்க வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. மைதானத்தில் அந்த வீரர்கள் எடுக்கும் ஓட்டம், விக்கெட், பிடி எல்லாவற்றுக்கும் இவனுக்குப் புள்ளி விழும். இவன் தலைவர் என்று குறித்த வீரருக்கு இரட்டைப் புள்ளி, உபதலைவருக்கு ஒன்றரை மடங்கு.

இரவுப் போட்டி ஏழரைக்கு என்றால் ஏழு மணிக்கு நாணயச் சுழற்சி. யார் யார் ஆடுகிறார்கள் என்பது அப்போதுதான் உறுதியாகத் தெரியும். அடுத்த அரை மணி நேரம் போனை விட்டுத் தலை நிமிராது. "கப்டனை மாத்தவா, விடவா?" என்று மதிலடியில் கேட்கிற சத்தம் அந்த நேரத்துச் சத்தம்தான்.

இதுவரைக்கும் பிழையில்லை. இனித்தான் காசு வருகிறது. ஒவ்வொருவரும் நுழைவுக் கட்டணம் கட்டுகிறார்கள். சேர்ந்த தொகையில் நிறுவனம் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். மிச்சம் முன்னணியில் வந்தவர்களுக்கு. சில இடங்களில் நிறுவனமே கிடையாது. வட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் காசைச் சேர்த்து, இலவச செயலியில் வரும் புள்ளியைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார்.

சூதாடக் கூடாது என்று வேதாகமத்தில் எங்கே இருக்கிறது?

"சூதாடாதிருப்பாயாக" என்று ஒரு கட்டளை இல்லை. பத்துக் கட்டளையிலும் இல்லை. இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அவர்கள் தேடிப் பார்த்துவிட்டு நாம் சொல்லும் மற்றதையும் நம்பாமல் விட்டுவிடுவார்கள்.

திருவுளச் சீட்டுப் போடுவது வேதாகமத்தில் நிறைய உண்டு. "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்கிறது நீதிமொழிகள் 16:33. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொண்டதும் சீட்டுப் போட்டுத்தான். ஆனால் அவை ஒரு தீர்மானத்துக்கு வருவதற்காக. ஒருவனுடைய காசை இன்னொருவன் எடுப்பதற்காக அல்ல. ஆதாயத்துக்காகச் சீட்டுப் போட்டவர்கள் சிலுவையடியில் இயேசுவின் அங்கிக்காகப் போட்ட போர்ச்சேவகர்கள்.

வெளிப்படையாக ஒரு பந்தயம் வருவது நியாயாதிபதிகள் 14இல். சிம்சோன் தன் கல்யாண விருந்தில் முப்பது தோழரிடம் விடுகதை போடுகிறான். ஏழு நாளுக்குள் விடுவித்தால் அவன் முப்பது துப்பட்டிகளும் முப்பது மாற்று வஸ்திரங்களும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் கொடுக்க வேண்டும். தோற்கப் பயந்தவர்கள் மணப்பெண்ணிடம் போய், "உன்னையும் உன் தகப்பன் வீட்டையும் கொளுத்திவிடுவோம்" என்று மிரட்டுகிறார்கள். அவள் அழுது அழுது விடையைப் பிடுங்கிக் கொடுக்கிறாள். தோற்ற சிம்சோன் அஸ்கலோனுக்குப் போய் முப்பது பேரைக் கொன்று, அவர்களுடைய உடுப்பைக் கழற்றி வந்து பந்தயக் கடனைக் கட்டுகிறான். விருந்துக்கு வராத, விடுகதையைக் கேட்டிராத முப்பது பேர். பந்தயத்தின் விலையைக் கட்டுவது பெரும்பாலும் பந்தயம் பிடித்தவன் அல்ல. வீட்டில் அடைவு வைத்த சங்கிலியைத் திருப்ப முடியாமல் இருக்கும் அம்மாவைக் கேட்டால் தெரியும்.

நேரடியான கட்டளை இல்லாத இடத்தில் நான் போய் நிற்பது ரோமர் 13:10இல்: "அன்பானது பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாது." கீழே வரும் பதில்கள் பலவும் இதிலிருந்துதான் வருகின்றன.

இது அதிர்ஷ்டம் அல்ல, திறமை. இந்திய நீதிமன்றமே அப்படித்தானே சொன்னது?

சொன்னது உண்மை. 2017இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் ட்ரீம்11 என்ற ஃபேன்டசி நிறுவனம் தொடர்பான வழக்கில் இது திறமைக்கான விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. அதன் பலத்தில்தான் அந்தத் தொழில் அங்கே அவ்வளவு பெரிதாக வளர்ந்தது. 2020இல் ஐ.பி.எல்.லின் பெயருக்கு முன்னாலேயே அந்த நிறுவனத்தின் பெயர் வந்தது. பிறகு 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்து, காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமலே தடை செய்தது. ட்ரீம்11உம் காசுப் போட்டிகளை நிறுத்தியது.

சட்டம் அப்படியும் வரும், இப்படியும் வரும். அதை விட்டுவிடுவோம். திறமை வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். எந்த ஆடுகளத்தில் பந்து திரும்பும், யார் கடைசி ஓவர்களில் பந்து போடுவார் என்று அறிந்தவன் அறியாதவனை விட அதிகம் வெல்வான். மழை வந்தாலும், முதல் ஓவரிலேயே தொடைத்தசை பிடித்து ஒருவர் வெளியே போனாலும் எல்லாம் கவிழும் என்பது வேறு கதை.

நான் கேட்பது, அந்தத் திறமையை யாரிடம் காட்டுகிறோம் என்று. அமெரிக்காவில் 2015 பேஸ்போல் பருவத்தின் முதற்பாதியில் தினசரி ஃபேன்டசி ஆடியவர்களின் கணக்கை மக்கின்சி நிறுவனம் ஆராய்ந்தது. கிடைத்த இலாபத்தில் 91 சதவீதம், ஆடியவர்களில் வெறும் 1.3 சதவீதமானவர்களிடம் போயிருந்தது. அவர்கள் கணினி நிரல் வைத்து ஒரே போட்டிக்குக் கணக்கற்ற அணிகளைப் போடுகிறவர்கள். மற்றவர்கள்? வேலை முடிந்து வந்து, பிடித்த வீரரைத் தலைவராக்கி, காசு கட்டிவிட்டுப் படுக்கிறவர்கள்.

ஆக, திறமை என்ற வாதம் என் மனச்சாட்சியை ஆற்றவில்லை, இன்னும் கனக்கப் பண்ணுகிறது. வெறும் அதிர்ஷ்டம் என்றால் எல்லாரும் ஒரே குருட்டு நிலையில் நிற்கிறார்கள் என்றாவது சொல்லலாம். திறமை என்றால், அறியாத அயலானின் அறியாமைதான் எனக்கு வருமானம். எபேசியர் 4:28 திருடுகிறவனைப் பார்த்து, இனித் திருடாமல் தன் கைகளினால் நலமான வேலை செய்து, இல்லாதவனுக்குக் கொடுக்கும்படி உழைக்கச் சொல்கிறது. ஃபேன்டசியில் வென்ற காசுக்கு நான் யாருக்கு என்ன செய்து கொடுத்தேன்? ஒன்றுமில்லை. யாரும் அன்பளிப்பாகத் தந்ததுமில்லை. தோற்றவன் ஒவ்வொருவனும் அந்தக் காசு தன்னிடமே திரும்பி வர வேண்டும் என்று கடைசிப் பந்து வரைக்கும் ஏங்கிக்கொண்டிருந்தான்.

எல்லாரும் விரும்பித்தானே காசு போடுகிறோம்? யாரையும் ஏமாற்றவில்லையே.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். நண்பர்கள் பத்துப் பேர். ஆளுக்கு 500 ரூபா, மொத்தம் 5,000. நிறுவனம் நூற்றுக்குப் பதினைந்து எடுக்கிறது என்று வைப்போம், 750. வென்றவனுக்கு 4,250. இதே பத்துப் பேர் பத்துப் போட்டி ஆடினால் 7,500 ரூபா அந்த வட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. பத்துப் பேரும் மாறி மாறி வென்றாலும் ஆளுக்கு 750 நட்டம். இதில் ஒருவன் முன்னேறுகிறான் என்றால் மற்ற ஒன்பது பேரில் யாரோ இன்னும் ஆழமாகத் தோற்கிறான். அவன் உங்களோடு ஒரே வாங்கில் இருந்து பாட்டுப் படிக்கிறவனாக இருக்கலாம்.

அவன் விரும்பித்தான் போட்டான், சரி. ஆனால் அவன் தோற்பதை நான் விரும்ப வேண்டியிருக்கிறதே. என் ஆசை நிறைவேற அவன் நட்டப்பட்டே ஆக வேண்டும். "உன்னிடத்தில் நீ அன்புகூருவது போலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" என்ற கட்டளைக்கும் அந்த ஆசைக்கும் ஒரே இதயத்தில் இடமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வெறும் நூறு ரூபாதானே? ஒரு ரீ, றோல்ஸ் காசு.

பத்து அணிகள் ஆடும் ஐ.பி.எல். பருவத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட போட்டிகள். ஒரு போட்டிக்கு ஓர் அணியோடு நிறுத்துகிறவரை நான் அதிகம் கண்டதில்லை. தொகையை விட எனக்கு முக்கியமாகப் படுவது பவுல் 1 கொரிந்தியர் 6:12இல் சொல்வது: எல்லாவற்றுக்கும் எனக்கு அதிகாரம் உண்டு, ஆனாலும் நான் ஒன்றுக்கும் அடிமைப்படமாட்டேன். நூறு ரூபாதான் என்கிறவர் இந்தப் பருவம் முழுக்க அந்த நூறு ரூபாயைக் கட்டாமல் போட்டிகளைப் பார்க்கட்டும். பார்க்க முடிகிறதா, ஆட்டம் சப்பென்று போகிறதா என்று அவருக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று. நண்பனைச் சேர்த்துவிட்டால் போனஸ் என்று அழைப்பு இலக்கம் ஒன்று தருவார்கள். உங்களுக்கு நூறு ரூபாயோடு நிற்கலாம். உங்கள் இலக்கத்தில் சேர்ந்தவனுக்கு நிற்காமல் போனால் அதற்கு நீங்கள் பொறுப்பில்லை என்று சொல்ல என்னால் முடியாது.

அப்படியென்றால் வியாபாரம், பங்குச்சந்தை, சீட்டுப் பிடிப்பது எல்லாம் சூதா?

இல்லை. எல்லாவற்றிலும் நட்ட பயம் உண்டு, அதனால் எல்லாம் சூதாகிவிடாது. வெங்காயம் நடுகிறவர் மழைக்குப் பயப்படுகிறார், விலைக்கும் பயப்படுகிறார். ஆனால் அவருக்கு நல்ல விலை கிடைத்தால் சந்தையில் வாங்கியவருக்கும் வெங்காயம் கிடைக்கிறது. இரண்டு பேரும் ஏதோ ஒன்றோடு வீட்டுக்குப் போகிறார்கள். பங்கு வாங்குவதும் அப்படித்தான், அது ஒரு தொழிலின் பாகத்தை வாங்குவது. காலையில் வாங்கி மத்தியானம் விற்று, நிறுவனத்தின் பெயர்கூடத் தெரியாமல் அடிக்கிற அடி வேறு. அதைச் சூதுக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன்.

நம்மூர்ச் சீட்டில் ஒவ்வொருவரும் போட்ட காசு ஒவ்வொருவருக்கும் ஒரு முறை திரும்பி வருகிறது. அவசரப்படுகிறவர் கழிவு விட்டு முதலில் எடுக்கிறார், காத்திருக்கிறவருக்கு அது இலாபம். சீட்டுப் பிடிக்கிறவர் ஓடிவிட்டால் அது ஏமாற்று, சூது அல்ல.

கத்தோலிக்கத் திருச்சபை சூதைப் பாவம் என்று சொல்லவில்லையாமே?

அம்மா கத்தோலிக்கம், அப்பா தென்னிந்திய திருச்சபை என்று இருக்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. அதனால் இந்தக் கேள்வி சாப்பாட்டு மேசையிலேயே வரும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2413ஆம் பத்தி, பந்தயமும் அதிர்ஷ்ட விளையாட்டும் தம்மளவில் நீதிக்கு மாறானவை அல்ல என்று சொல்வது உண்மை. அதோடு பலர் வாசிப்பை நிறுத்திவிடுகிறார்கள். தனக்கோ பிறருக்கோ வாழ்வதற்குத் தேவையானதை அது பறிக்கும்போது ஏற்க முடியாததாகிறது, சூதின் மீதான மோகம் அடிமைத்தனமாக மாறும் ஆபத்து உண்டு என்பதும் அதே பத்திதான். கடன் வாங்கியும், வெளிநாட்டில் அண்ணன் இரவு வேலை செய்து அனுப்பிய காசிலும் ஆடுகிறவர் அந்த வரம்புக்குள் நிற்கவில்லை. உங்கள் பங்குத்தந்தையிடம் முழுக் கதையையும் சொல்லிக் கேளுங்கள்.

மறுபக்கம், 1814இல் யாழ்ப்பாணம் வந்த மெதடிஸ்த மிஷனரிமாரின் மரபு இதில் கண்டிப்பானது. காசு விடயத்தில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 18ஆம் நூற்றாண்டில் போதித்தது இதுதான்: நேர்மையாக எவ்வளவு சம்பாதிக்க முடியுமோ சம்பாதியுங்கள், ஆனால் அயலானுடைய பொருளுக்குக் கேடு வராமல். சூதாடி அயலானின் நிலத்தின் விளைச்சலையும், நிலத்தையும் வீட்டையுமே விழுங்குவதை அவர் அந்த இடத்திலேயே பெயர் சொல்லி விலக்குகிறார். எனக்கு அந்தப் போதனைதான் மனதுக்கு நெருக்கம்.

கோயில் கானிவலில் ரஃபிள் ரிக்கெற் விற்கிறார்களே, அது மட்டும் சரியா?

எனக்கு அதிலும் உடன்பாடில்லை. ரிக்கெற் வாங்குகிறவர் பெரும்பாலும் கோயிலுக்குக் கொடுக்கும் மனதோடுதான் வாங்குகிறார், அதனால் ஃபேன்டசியோடு அதை ஒரே தட்டில் வைக்கமாட்டேன். ஆனாலும் மேடையில் நின்று சூதைப் பற்றிப் பிரசங்கிக்கும் நாம் அதே வளவில் ரிக்கெற் கிழித்தால் பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். கட்டட நிதிக்கு உண்டியல் வைப்போம், உணவு விற்போம். ரஃபிளை நிறுத்தலாம்.

லொத்தர்? அரசாங்கமே விற்கிறது.

அதே பதில். தேசிய லொத்தர் சபை 1963இலிருந்து இருக்கிறது என்பதால் வாங்குகிறவரின் காசு குறைவாகத் தோற்பதில்லை. 2025இல் இலங்கையிலும் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்குச் சட்டம் வந்துவிட்டது. உரிமம் கிடைத்தவர் தண்டனைக்குத் தப்புவார், அவ்வளவுதான்.

காசு இல்லாமல் ஃபேன்டசி ஆடலாமா? கடதாசியில் 304 அடிக்கலாமா?

தாராளமாக. இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கின் ஃபேன்டசி இலவசம். வகுப்பு நண்பர்களோடு பருவம் முழுக்க ஆடலாம். 304உம் அப்படியே, காசு வைக்காத வரைக்கும் அது மூளைக்கு நல்ல விளையாட்டு. கடதாசிக் கட்டைக் கண்டாலே பாவம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் முன்னிலையில் வற்புறுத்தி ஆட வேண்டாம். மற்றப்படி தடையில்லை.

1904இல் தொடங்கிய "வடக்கின் பெரும் போர்" கிரிக்கெட் போட்டியில் மத்திய கல்லூரிக்கோ பரியோவான் கல்லூரிக்கோ தொண்டை கட்டும் வரை கத்துங்கள். கத்துவதற்குப் பந்தயக் காசு தேவைப்பட்டதே இல்லை. தோற்ற பாடசாலைக்காரன் ஐஸ்கிறீம் வாங்கித் தர வேண்டும் என்று நண்பர்களுக்குள் சொல்வதையும் நான் பாவம் என்று சொல்லமாட்டேன். வாங்கிக் கொடுத்தவனும் கூட இருந்து சாப்பிடுகிறான்.

வென்ற காசில் தசமபாகம் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பலியிடுவதற்கு அர்வனா என்பவன் தன் களத்தை இலவசமாகத் தருகிறேன் என்றபோது தாவீது ராஜா மறுத்துவிட்டான், செலவில்லாமல் என் தேவனுக்குப் பலியிடமாட்டேன் என்று (2 சாமுவேல் 24:24). உங்களுக்குச் செலவில்லாத, அயலானுக்குச் செலவான காசு அது. தோற்றவன் யார் என்று தெரிந்தால் அவனிடமே திருப்பிக் கொடுங்கள். ஆயக்காரன் சகேயுவும் அநியாயமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். தெரியாவிட்டால் பசியோடு இருக்கும் ஒருவருக்குப் பெயர் சொல்லாமல் கொடுத்துவிட்டு, கணக்கை மூடிவிடுங்கள்.

வெல்ல வேண்டும் என்று ஜெபிக்கலாமா?

அந்த ஜெபத்தில் மற்ற ஒன்பது பேர் தோற்க வேண்டும் என்பதையும் சத்தமாகச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பந்தயச் செயலி ஒன்றுக்கு நிரல் எழுதச் சொல்கிறார்கள். வேலையை விடவா?

உங்கள் வீட்டை நான் நடத்தவில்லை, அதனால் நாளைக்கே விடு என்று சொல்வது எனக்கு லேசு, உங்களுக்கு லேசில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் பாருங்கள். அந்த நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளைத் திருத்துவது ஒன்று. மூன்று நாள் ஆடாமல் இருந்தவனுக்கு இரவு ஏழு மணிக்கு "உங்களுக்கு 50 ரூபா போனஸ் காத்திருக்கிறது" என்று போனில் தட்டும் பகுதியை எழுதுவது இன்னொன்று. இரண்டாவதை எழுதும் கை, விடப் பார்க்கிறவனைத் திரும்ப இழுக்கிற கை. வேறு திட்டத்துக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள், காரணத்தையும் மரியாதையாகச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு வேலை தேடத் தொடங்குங்கள். சபையில் மூத்த சகோதரர்களிடம் சொல்லிவையுங்கள், வேலை தேடித் தருவதும் ஐக்கியம்தான்.

தம்பி ஆழமாக மாட்டிக்கொண்டான். கனடாவில் இருந்து அண்ணா அனுப்பும் காசும் அதில்தான் போகிறது. என்ன செய்வது?

முதலில், "பாவம் செய்கிறாய்" என்ற சொல்லோடு தொடங்காதீர்கள், அது அவனுக்குத் தெரியும். சூதுக்கு அடிமையாவதை உலக சுகாதார அமைப்பு ஒரு நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. பாவம் என்பதும் நோய் என்பதும் ஒன்றையொன்று வெட்டாது. மனந்திரும்பவும் வேண்டும், மருந்தும் வேண்டும்.

கடன் எவ்வளவு, யார் யாரிடம், எந்த நகை எங்கே அடைவில் என்று ஒரு கொப்பியில் அவன் கையாலேயே எழுத வையுங்கள். முதல் நாள் அவன் முழுவதையும் எழுதமாட்டான். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி அதே கொப்பியைக் கொடுங்கள். கடனை ஒரேயடியாக நீங்கள் கட்டிவிட வேண்டாம். கட்டிவிட்டால் பாரம் இறங்கி, அடுத்த போட்டிக்குத் துணிவு வந்துவிடும். அவன் வேலை செய்து மாதம் மாதம் கட்டட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

வெளிநாட்டுக் காசை அவன் கணக்குக்கு அனுப்புவதை அண்ணா உடனே நிறுத்த வேண்டும். அம்மாவின் பெயரில் அனுப்பட்டும், அல்லது வகுப்புக் கட்டணம், கரண்ட் பில் என்று போக வேண்டிய இடத்துக்கே நேராகப் போகட்டும். அண்ணாவுக்கு உண்மையைச் சொல்லத் தயங்குவீர்கள், அவர் அங்கே நொந்துபோவார் என்று. சொல்லுங்கள். பணத்தை நிறுத்த வேண்டியவர் அவர்தான்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. செத்துவிடலாம் போல இருக்கிறது என்று அவன் ஒரு சொல் சொன்னாலும் அன்றைக்கே அழையுங்கள், ஞாயிறு ஆராதனை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போதகரிடமும் போகலாம், ஆனால் அவன் பெயரைச் சொல்லிச் சபையில் ஜெபிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.